உச்சி முகர்தல்

குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு நாற்பத்து நான்கு. உலகத்தில் எல்லாம் வரிசைப்படியா நடக்கிறது?

சீடர் பூவராகன் பல வருடம் கிராமத்து சுகாதார நிலையத்தில் டாக்டராக இருந்தவர். தலை நரைத்த பிறகு மேற்படிப்புக்கு வந்து, மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் பிலோமினா மேடத்திடம் சேர்ந்தார். மேடம் அதிகம் பேச மாட்டார். சந்தேகம் கேட்டால் ஒரு எலும்பை எடுத்துக் கையில் கொடுப்பார். மீதியை அந்த எலும்பு பார்த்துக்கொள்ளும்.

போன தை மாதம் பூவராகன் பைக்கிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் இருந்தது, பெட்ரோல் டேங்கின் மேல் பத்திரமாக. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்பார்கள். இவருக்கு மூக்கோடு போயிற்று. எலும்பு முறியவில்லை, பேச்சு குழறவில்லை, வாசனை மட்டும் அற்றுப்போனது. காபி வெந்நீரானது. ரசமும் அப்படித்தான். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார்.

ஆவணியில் மகள் பிறந்தாள். பதினாறு வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அவளைத் தூக்கி உச்சி முகர்ந்தார்கள். "அப்பப்பா, என்னா வாசம்!" என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். பூவராகனும் குனிந்து மூச்சை இழுத்தார். வெறும் காற்று வந்தது. பெற்ற மகளின் தலையும் பக்கத்திலிருந்த தலையணையும் அவருக்கு ஒன்றாக இருந்தன.

அன்றிலிருந்து அவர் பிள்ளையைத் தூக்குவதில்லை. மனைவி நீட்டினால், "ஆஸ்பத்திரிக் கை, இன்னும் கழுவல" என்பார். கழுவிவிட்டும் அதையே சொல்வார். ஆனால் மனசு முழுக்க ஏக்கம். ஊரே அறிந்த தன் பிள்ளையின் வாசனை தனக்கு மட்டும் தெரியாதே என்று உள்ளுக்குள் அழுதார்.

மறுபடியும் தை பிறந்தது. ஒரு மத்தியானம், மேடம் மண்டை ஓடுகளைத் துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் போய் நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம். பாடத்துல இல்ல."

"கேளுங்க சார்."

"எனக்கு வாசனை திரும்ப வருமா?"

மேடம் கையிலிருந்த ஓட்டின் மேல்மூடியைக் கழற்றினார். அடிப்பகுதியை ஜன்னல் பக்கம் பிடித்தார். மூக்குக்கு நேர் மேலே மெல்லிய சல்லடைத் தட்டு. அதன் ஊசித்துளைகளில் வெயில் பொடிப்பொடியாக இறங்கியது.

"அடைச்சிருக்கா?"

"இல்ல மேடம். ஓட்டையெல்லாம் திறந்துதான் இருக்கு. விழுந்த வேகத்துல மூளை ஆடி, இது வழியா ஏறுற நரம்பு அறுந்திருக்கும்."

"அறுந்தது முளைக்குமா?"

"சிலருக்கு முளைக்கும். சிலருக்கு இல்ல."

"உங்களுக்கு?"

"தெரியல. வந்ததும் பிள்ளையத் தூக்கலாம்னு இருக்கேன். ஒரே ஒரு தடவ அவ தலைய மோந்து பார்த்தா போதும் மேடம். அப்புறம் போனாலும் போகட்டும்."

மேடம் இழுப்பறையிலிருந்து மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை எடுத்தார். சல்லடைக்குப் பின்னால், பக்கவாட்டில் இருந்த சிறிய வட்டத்துளைக்குள் அதை விட்டார்.

"இந்த வழியா எந்த நரம்பு போகுது?"

"அஞ்சாம் நரம்போட ரெண்டாவது கிளை. கன்னத்துலயும் மேலுதட்டுலயும் தொட்டா தெரியறது இதாலதான்."

"அது அறுந்துச்சா?"

பூவராகன் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தார். விரல் சில்லென்று பட்டது.

"இல்ல மேடம்."

மேடம் அந்த மண்டை ஓட்டை வைத்துவிட்டு, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து கைக்குள் அடங்கும் ஒரு பச்சைக்குழந்தை மண்டை ஓட்டின் மாதிரியை எடுத்து நீட்டினார். பூவராகனின் விரல் தானாக நெற்றிக்கு மேலே போய் நின்றது. அங்கே எலும்பு சேராமல், நாற்கோணமாக ஓர் இடைவெளி.

"இது?"

"உச்சிக்குழி."

"உயிருள்ள பிள்ளைக்கு அங்க என்ன இருக்கும்?"

"துடிப்பு இருக்கும்."

"உதட்ட வச்சா தெரியுமா?"

"தெரியும்." அவர் விரலை அந்த இடைவெளியிலிருந்து எடுத்தார். "ஆனா அது வாசனை இல்லையே மேடம்."

"இல்லதான்," என்றார் மேடம். செம்புக் கம்பியை உருவித் துடைத்து இழுப்பறையில் போட்டார். "உங்க சல்லடை எப்பவும் திறந்தேதான் இருக்கும் சார், எத்தனை வருஷம் வேணும்னாலும் காத்திருங்க. பாப்பாவோட உச்சிக்குழி ஒன்றரை வயசுல மூடிடும்."