வாசலில் நின்ற கால்கள்

“வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறக் கூடாது,” என்றார் ஆவுடையப்பன்.

“முதலாவது. எனக்கு வயது பதின்மூன்று. ஆலையில் பதினெட்டு என்று எழுதிக்கொண்டார்கள்.

“இரண்டாவது. பஞ்சுத்தூசியில் இருமியவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் அப்பா அதில் ஒருவர்.

“மூன்றாவது. ஏன் என்று கேட்டேன். பதினோரு மாதம் சிறை.

“நான்காவது. திரும்பி வந்தபோது சங்கத்தில் என் நாற்காலியில் வேறொருவன் இருந்தான். சிறை வாசலுக்கு மாலை கொண்டுவந்தவனும் அவனேதான்.

“ஐந்தாவது. என் துண்டறிக்கைகளைத் தொகுத்து மலர் போட்டார்கள். அதில் என் பெயர் இல்லை.

“ஆறாவது, இது.”

வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது தானாக ஆடிக்கொண்டிருந்தது.

“பார்க்கின்சன் என்கிறார்கள். ஏழாவது, தோளிலிருந்து இடுப்பு வரை வலி. மூன்று வருடமாக. எட்டாவது, மருத்துவர். படம் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லையாம். ‘பாதி நோய், பாதி உங்கள் சுபாவம். எதையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்’ என்றார்.”

அக்கரை அம்மா கொட்டையெடுத்த புளியைக் கூடையில் போட்டாள்.

“என்ன சொல்லுதாரு?” என்று ஓடக்காரனைக் கேட்டாள்.

ஒரு காலத்தில் மைக் இல்லாமல் இரண்டாயிரம் பேருக்குக் கேட்ட தொண்டை அவருடையது. இப்போது இரண்டு முழம் தாண்டவில்லை.

“எட்டு அநியாயமாம். கடைசி அநியாயம் டாக்டராம்,” என்றான் ஓடக்காரன் தளவாய்.

“முழுவதையும் சொல்,” என்றார் ஆவுடையப்பன்.

“முழுசும் சொன்னா கஞ்சி ஆறிரும், அண்ணாச்சி.”

ஆற்றின் நடுத்திட்டில் இருந்தது அம்மாவின் குடிசை. மூடுபனி தண்ணீரிலிருந்து எழுந்து தண்ணீரிலேயே இறங்கியது. வந்த கரை தெரியவில்லை. ஒரு கொக்கு நின்றது. பிறகு கொக்கு நின்ற இடம் மட்டும் நின்றது.

யாரும் அம்மாவைக் குரு என்று சொல்வதில்லை. கேள்வி உள்ளவர்கள் ஓடம் ஏறுவார்கள். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். ஆவுடையப்பனுக்கு எழுபத்திரண்டு.

“உங்க கேள்வி என்ன, அண்ணாச்சி?”

“சுபாவத்தை அறுத்து எறிந்தால் வலி போகுமா?”

“எந்தச் சுபாவம்?”

“கோபம். என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். வீட்டையும் மனைவியையும் கட்சியையும் அதற்குக் கொடுத்தாயிற்று. அதையும் கொடுத்துவிட்டால், வலி இல்லாமல் படுத்திருப்பவன் யார்?”

தளவாய் இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் எடுத்துச் சொன்னான்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“உள்ள வாங்க. கஞ்சியக் குடிச்சிட்டுப் பேசுவோம்.”

குடிசைக்குள் போனாள். தளவாய் போனான். புளி உடைக்க வந்திருந்த இரண்டு பெண்களும் போனார்கள்.

ஆவுடையப்பன் வாசல் வரை நடந்தார். அங்கே நின்றார்.

கால் வரவில்லை.

தரை அவரது பாதங்களைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. தோளில் வலி ஆணியாக இறங்கியது. முகத்தில் ஒன்றுமில்லை. அந்த முகம் எதையும் காட்டுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது.

“அண்ணாச்சி, வாரீயளா இல்லையா?” என்றாள் ஒரு பெண்.

அவர் நின்றார்.

“எங்க கஞ்சி இறங்காதோ தொண்டையில?” என்றாள் மற்றவள்.

“தலைவர்லா. வாசல் குட்டை. குனிய மாட்டாரு,” என்றான் தளவாய்.

பெண்கள் சிரித்தார்கள்.

“கால் வரவில்லை,” என்றார் ஆவுடையப்பன். “தோள் வலிக்கிறது.”

அவர் குரல் உள்ளே போகவில்லை. தளவாய் எடுத்துச் சொன்னான்.

“காலு வரலையாம். தோளு வலிக்குதாம்.”

அம்மா சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஆத்தைத் தாண்டி வந்த காலு, வாசல்ல மட்டும் ஏன் நிக்குது?”

மறுபடியும் சிரிப்பு.

சிரிப்பு அடங்கும்வரை ஆவுடையப்பன் காத்திருந்தார்.

“இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன்,” என்றார்.

தளவாய் அதையும் எடுத்துச் சொன்னான். அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். அவர் பேச்சு கேட்கும் அளவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“யார்கிட்ட?”

“வேலைநிறுத்தம். ஒன்பதாம் நாள். ஆலை வாயிலில் ஒருவன் நின்றான். உள்ளேயும் போகவில்லை, எங்கள் பக்கமும் வரவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை ஆடியது.”

“ம்.”

“பயத்தில் ஆடுகிறது என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன். ‘உங்க பக்கந்தான் தோழர், காலு வரமாட்டேங்குது, தோளு நோவுது’ என்றான். ‘வீட்டிலிருந்து வந்த கால் வாயிலில் மட்டும் ஏன் நிற்கிறது?’ என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.”

“நீங்க?”

“எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.”

மூடுபனி வாசலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

“அன்று மாலை வாயிற்கூட்டம். கருங்காலி என்று அவன் பெயரைப் படித்தேன். மூன்று முறை. மைக் இல்லாமல்.”

“பொறவு?”

“அந்தத் தெருவில் அவனுக்கு நெருப்புக்கூட யாரும் கொடுக்கவில்லை. அவன் செத்தபோது தூக்க நாலு பேர் வரவில்லை. அவன் மனைவி தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். நான் சங்க அலுவலகச் சன்னலிலிருந்து பார்த்தேன்.”

வாசலருகே வந்திருந்த பெண்களில் ஒருத்தி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“இது உங்க வரிசையில எத்தனாவது, அண்ணாச்சி?” என்றாள் அம்மா.

“அது எனக்கு நடந்ததல்ல.”

அம்மா கூரையிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினாள். குனிந்து, அவர் கால் விரல்களுக்கு முன்னால் குறுக்கே போட்டாள்.

“இதைத் தாண்டுங்க.”

அவர் ஈர்க்கைப் பார்த்தார். வலது கால் எழுந்தது. ஈர்க்கைத் தாண்டியது. இடது கால் பின்னால் வந்தது. உள்ளே இருந்தார்.

திரும்பி அந்த ஈர்க்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுதான். தாண்ட ஒண்ணு கண்ணுல பட்டா, இந்த நோய்ல நின்ன காலு எழும்பிரும்.”

“அன்றைக்கு என் கையில் கொடிக்கம்பு இருந்தது. ஒரு முழ நீளக் கம்பு. அவன் காலுக்கு முன்னால் அதைப் போட்டிருந்தால்…”

அப்படியே உட்கார்ந்தார். அம்மா பின்னால் வந்து அவர் தோளில் கட்டைவிரலை வைத்தாள்.

“இங்கயா?”

“இன்னும் கீழே.”

“இங்க?”

“ஆமாம்.”

விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். ஆற்றில் ஏதோ மீன் துள்ளியது. சத்தம் மட்டும் வந்தது.

“இருக்கு,” என்றாள். “வலி இருக்கு.”

மூன்று வருடத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. முகம் அசையவில்லை. கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கியது. அதைத் துடைக்க எழுந்த கை வழி தவறிக் காதுக்குப் போனது.

“இப்பக் கோபம் வருதா?” என்றாள் அம்மா.

“வருகிறது.”

“யார் மேல?”

அவர் தளவாயிடம் பென்சில் கேட்டார். பையிலிருந்து பழைய துண்டறிக்கை ஒன்றை எடுத்து அதன் முதுகில் எழுதினார். எழுத்துகள் போகப் போகச் சிறுத்து எறும்புகள் ஆயின. கடைசி வரி அவருக்கு மட்டுமே தெரிந்தது.

பிறகு எழுந்து நின்றார்.

“சாட்சிகள் வேண்டும்,” என்றார்.

“நாங்க நாலு பேருதான் இருக்கோம்,” என்றாள் ஒரு பெண்.

“நாலு பேர் போதும். அவனுக்கு அதுகூட இல்லை.”

தளவாய் வழக்கம்போல எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தான். அம்மா அவன் கையைப் பிடித்தாள். நால்வரும் அவர் வாயருகே குனிந்து நின்றார்கள்.

தாள் ஆடியது. அவர் படித்தார்.

“சாட்சிகள் முன்னிலையில் படிக்கப்படுவது. வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள் ஆலை வாயிலில் நின்றவர் கருங்காலி அல்ல. எங்களிடம் வந்துகொண்டிருந்தவர். கால் வரவில்லை என்றார், உண்மை. தோள் நோகிறது என்றார், உண்மை. பொய் சொன்னது என் வாய். அந்த வாயே இப்போது அவர் பெயரைப் படிக்கிறது.

“நூற்புப் பிரிவு. சுடலைமுத்து மகன். உச்சிமாகாளி.”