பக்கிரிசாமி அண்ணன் பெட்டியும் எங்கள் வீட்டுக் கல்சட்டியும்

பக்கிரிசாமி அண்ணன் வாயைத் திறந்தால் உத்திராபதி டீக்கடையில் பாதிப் பேர் டீ ஆறுவதை மறந்துவிடுவார்கள். மீதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நான் முதல் ரகம். அவர் சொல்வதில் ஒரு வார்த்தைகூட நிஜமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருப்பேன், ஏனென்றால் திருத்துறைப்பூண்டியில் நிஜம் பேசுகிறவர்கள் எல்லாம் மின்வெட்டைப் பற்றியே பேசுகிறார்கள்.

அண்ணனுக்குப் புடவை வியாபாரம். இங்கே வாங்கி, திருச்சியில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். மாதம் ஒரு பயணமாவது இருக்கும். அதனால் ஊரில் யாருக்குப் பிள்ளை சிங்கப்பூரில் இருந்தாலும் ஊறுகாய், வடகம், வேப்பிலைக்கட்டி என்று எதையாவது பொட்டலம் கட்டிக்கொண்டு இவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். அண்ணன் பொறுமையாகக் கேட்பார். வருத்தமாகத் தலையாட்டுவார். "பெட்டில ஒரு ஊசி வைக்க எடமில்லையே தம்பி" என்பார். அவ்வளவுதான், பொட்டலம் வீட்டுக்குத் திரும்பும்.

எனக்கு இந்தத் தடவை அந்தப் பதில் ஆகாது. என் மகள் கயல்விழி சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே போய் ஆறு மாதம் ஆகிறது. எதைத் தின்றாலும் வாய்க்குப் பிடிக்கவில்லை என்று போனில் அழுகிறாள். அவளுக்கு அம்மாவின் கல்சட்டியில் கடைந்த கீரை வேண்டும். கீரை அங்கே கிடைக்கிறது, கல்சட்டிதான் இல்லை. புதுச்சட்டி வாங்கினால் அடுப்பில் வைத்ததும் விரிசல் விடும். கஞ்சித் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் தடவி, வாரக்கணக்கில் பழக்க வேண்டும். அதனால் என் மனைவி வேதவல்லி, கல்யாணமான நாளிலிருந்து தான் சமைக்கிற சட்டியையே கழுவித் துடைத்துத் துணி சுற்றி எடுத்து வைத்துவிட்டாள். கூரியர்க்காரன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்லா? ஒடைஞ்சா நாங்க பொறுப்பில்ல" என்றான்.

நேரே போய்க் கேட்டால் அண்ணன் ஊசிக் கதை சொல்வார். எனவே உத்திராபதியிடமும், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற மாசிலாமணியிடமும் விஷயத்தைச் சொன்னேன். சட்டியைப் பற்றி மூச்சு விடுவதில்லை, பெட்டியைப் பற்றி மட்டும் கேட்பது என்று மூன்று பேரும் பேசி வைத்தோம். சட்டி துணிப்பையோடு என் பெஞ்சுக்கு அடியில் இருந்தது.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். வியாழக்கிழமை பயணம் என்று அவரே ஆரம்பித்தார்.

"அண்ணே, ஒரு யோசனை சொல்லுங்க. அடிக்கடி ஏரோப்ளேன்ல போற ஆளுக்கு எந்த மாதிரிப் பெட்டி சரிப்படும்? துணிப் பெட்டியா, கெட்டிப் பெட்டியா?" என்றேன்.

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் கிளாஸைக் கீழே வைத்தால் கதை பெரியது என்று அர்த்தம்.

"மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க சேது. பெட்டியப் பார்த்து வாங்கக் கூடாது. மிதிச்சு வாங்கணும். சிங்கப்பூர்ல மாடிக் கடை ஒண்ணு. கடைக்காரன்கிட்ட, இருக்கறதுலயே குண்டான ஆளக் கூப்பிடுன்னேன். வந்தான் ஒருத்தன். ஏறி நில்லுன்னேன். நின்னான். பெட்டி அசையல. குதின்னேன். குதிச்சான். அவன் செருப்பு வாரு அறுந்துது. சரி, கடையில இருக்கற அத்தன பேரும் ஏறுங்கன்னேன். கல்லாவுல இருந்தவனும் ஏறிட்டான். எல்லாரும் சேர்ந்து குதிச்சாங்க பாரு, தரை பொளந்து கீழ் மாடிப் பாத்திரக் கடையில போய் எறங்கிட்டாங்க. எல்லாரும் பெட்டி மேல நின்னபடியே! கீழ்க்கடைக்காரன் 'வாங்க, குக்கர் பாக்கறீங்களா'ங்கறான்."

"அப்ப நீங்க எங்கண்ணே நின்னீங்க?" என்றார் மாசிலாமணி. கண்டக்டர் புத்தி, எண்ணிக்கை குறைந்தால் தாங்காது.

"நான் மேல வெலை பேசிக்கிட்டிருந்தேன்யா."

"கல்லாக்காரனும் கீழ போயிட்டானே, யாருகிட்ட?"

"அதனாலதான் சல்லிசா முடிஞ்சுது."

உத்திராபதி சிரிப்பை அடக்கப் பாலை ஆற்றிக்கொண்டே இருந்தார். நான் அடுத்த தூண்டிலைப் போட்டேன். "சக்கரம் ரெண்டு இருந்தா போதுமா, நாலு வேணுமாண்ணே?"

"ரெண்டு சக்கரம் வச்சவன் எவனும் உருப்பட்டதில்ல. நாலு வேணும். ஏன்னு கேளு. ஒரு தடவை திருச்சிலேர்ந்து கெளம்பி கடலுக்கு மேல போயிட்டிருக்கோம். கீழ சாமான் வைக்கற கதவு சரியா சாத்தல போலருக்கு. எம் பெட்டி மட்டும் நழுவிக் கடல்ல விழுந்துருச்சு. ஜன்னல் வழியாப் பார்க்கறேன், ஒரு சுறா வருது. வாயத் தொறந்து ஒரே கடி. என்ன ஆச்சுங்கறே?"

"பெட்டி போச்சு," என்றார் மாசிலாமணி.

"பல்லு போச்சுய்யா! அந்தச் சுறா இன்னிக்கும் கஞ்சிதான் குடிக்குது. நான் சிங்கப்பூர்ல எறங்கி, பெட்டி போச்சேன்னு சாமான் வர்ற பெல்ட்டுப் பக்கம் போறேன். எனக்கு முன்னாடி வந்து சுத்திக்கிட்டிருக்கு."

"கடல்ல விழுந்தது ஏரோப்ளேனுக்கு முன்னாடி எப்படிண்ணே போவும்?"

"நாலு சக்கரம் பின்ன எதுக்கு? தண்ணியில சுத்தாதா? அதுக்கு நடுவுல எறங்கிச் சாப்பாடு, டீன்னு எதுவும் கெடையாது. நேர் ரூட்டு." மாசிலாமணியைப் பார்த்து, "ஒங்க பஸ்சு மாதிரி ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்குமா?" என்று ஒரு இடி வேறு.

மாசிலாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது வருஷம் பார்த்த வேலையைச் சொன்னால் அவருக்கு ஆகாது. "கடல்ல சக்கரம் சுத்தும்னா, ரோட்டுல என்ன பண்ணும்?" என்று உறுமினார்.

"ரோட்டுலயா? ரன்வேல என்ன பண்ணுச்சுன்னு கேளு. போன வருசம் திரும்பி வர்றேன். திருச்சிக்கு மேல வந்த வண்டி எறங்காம சுத்திக்கிட்டே இருக்கு. பைலட்டு கதவத் தொறந்துக்கிட்டு நேரா எஞ் சீட்டுக்கு வந்தாரு. 'சார், முன் சக்கரம் வெளிய வரல. கீழ ஒரு பெட்டி பார்த்தேன், சக்கரம் நல்லா இருந்துது, ஒங்களதுன்னாங்க'ன்னாரு. அதெல்லாம் குடுக்க முடியாது, உள்ள பட்டுப்புடவை இருக்கு, கசங்கிடும்னேன். சுத்தி இருக்கறவங்க எல்லாம் கையெடுத்துக் கும்பிடறாங்க. ஒரு அம்மா கைக்கொழந்தைய எங் காலடியில போட்டுட்டாங்க. சரி தொலையுதுன்னேன். பெட்டிய ஏரோப்ளேன் மூக்குக்குக் கீழ கட்டி எறக்கினாங்க."

"வானத்துல யாரு வெளிய எறங்கிக் கட்டினது?"

"பைலட்டுதான். அந்த நேரத்துல அவருக்கு வேற என்ன வேலை? எறங்கினதெல்லாம் பூ மாதிரிதான் எறங்குச்சு. நிறுத்தறதுதான் பெரும்பாடாப் போச்சு. பெட்டி நேரா பெல்ட்டப் பார்த்து ஓடுது, பழக்க தோஷம். ஏரோப்ளேனும் பின்னாடியே போவுது. 'பக்கிரிசாமி பெட்டி, நில்லு'ன்னு நான் ஜன்னல்லேர்ந்து ஒரு அதட்டு போட்டேன். நின்னுது."

உத்திராபதி பாலை அடுப்பில் பொங்க விட்டுவிட்டார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை, ஆனாலும் பெஞ்சுக்கு அடியில் சட்டி என் காலில் இடித்துக்கொண்டே இருந்தது. கடைசிக் கேள்வியைக் கேட்டேன். "எல்லாம் சரிண்ணே. இவ்வளவு கெட்டியான பெட்டின்னா, அதுவே பாதி எடைய தின்னுடாதா?"

"எடையா? அதோட ராசியே அதான். சாமான் ஏற ஏற எடை கொறையும். ஒரு தடவை அம்மி, கொழவி, ஆட்டுக்கல்லு மூணையும் உள்ள வச்சு மெஷின்ல ஏத்தினேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு, 'பெட்டிய இன்னும் வைக்கலையா சார்'னு கேக்குது. இன்னும் நாலு கல்லு வச்சிருந்தா மேல பறந்திருக்கும்."

நான் குனிந்து, துணிப்பையை எடுத்து, அவர் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தேன்.

அண்ணன் சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாசிலாமணி முகத்தில் இருந்த சந்தோஷத்தையும் பார்த்தார்.

"இது... கல்சட்டியா?"

"ஆமாண்ணே. ஒரு கல்லுதான்."

"பெட்டிக்குக் கல்லு ஒத்துக்காதே தம்பி."

"இப்பதான் ஆட்டுக்கல்லு போச்சு," என்றார் மாசிலாமணி.

"பெட்டிய சர்வீசுக்கு விட்டிருக்கேன்."

"ஏரோப்ளேனையே தாங்கின பெட்டிக்கு எதுக்குண்ணே சர்வீசு?"

அண்ணன் காலி கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் வெறும் கிளாஸைக் குடித்ததைப் பார்த்ததும் கேலி செய்ய மனம் வரவில்லை. "அண்ணே, கயலுக்குண்ணே. மாசமா இருக்கா. சாப்பாடு எறங்க மாட்டேங்குதாம். அவ அம்மா தான் சமைக்கற சட்டியவே குடுத்திருக்கா" என்றேன்.

அண்ணன் சட்டியின் விளிம்பை விரலால் தடவினார். "இத மொதல்ல சொல்லித் தொலைக்கக் கூடாதா? ஒரு மூலைல போட்டா இருக்கற எடம் தெரியாது" என்றார். துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எல்லாருக்கும் டீ என் செலவு.

வியாழக்கிழமை காலை வழியனுப்ப நானும் வேதவல்லியும் போனோம். வாசலில் கார் நின்றது. பெட்டி வெளியே வந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி நான் புளுக மாட்டேன். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கும். நாலு சக்கரத்தில் ஒன்று மிச்சம். ஜிப் பல்லெல்லாம் கொட்டிப்போய், மஞ்சள் நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. பிடி இருந்த இடத்தில் புடவைக் கரை. டிரைவர் அதைத் தூக்கவில்லை, அடியில் இரண்டு கையையும் கொடுத்து ஏந்தினான்.

"இதுக்குள்ளயா எஞ் சட்டி?" என்று வேதவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் காதில் விழுந்துவிட்டது. "வெளிப்பார்வைக்கு இப்படி இருந்தாதான்மா எவனும் தூக்கிட்டுப் போவ மாட்டான்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். கார் கிளம்பிவிட்டது.

வேதவல்லி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நானும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை. வாயால் வளர்ந்த பெட்டி அது என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும், அவரை மடக்குகிற ஆசையில் வீட்டுச் சட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். வயிற்றுப் பிள்ளைக்காரி ஆசையாகத் துணியைப் பிரித்து, உள்ளே உடைந்த துண்டுகளைப் பார்ப்பாளே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கயல் போன் செய்தாள். வேதவல்லிதான் எடுத்தாள். எடுத்ததும் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சட்டி வந்துருச்சும்மா. ஒரு கீறல் இல்ல. கீரை கடைஞ்சு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்."

"அந்தப் பெட்டியிலயா வந்துச்சு?" என்றேன் நான்.

கயல் சிரித்தாள். "பெட்டி பெல்ட்டுலயே வாயப் பொளந்துருச்சுப்பா. ஏர்போர்ட் முழுக்க புடவை. கூட வந்தவங்கதான் பொறுக்கிக் குடுத்தாங்களாம். சட்டிய மட்டும் பக்கிரிசாமி பெரியப்பா கீழ வைக்கவே இல்ல, இடுப்புல வச்சிருந்தாரு. ஃப்ளைட்டுல வழி முழுக்க மடியிலதான் வச்சுக்கிட்டு வந்தாராம், பக்கத்து சீட்டுக்காரர் சொன்னாரு. கீழ வைங்கன்னு சொல்லிப் பார்த்தாங்களாம், கால் பட்டுரும்னு மாட்டேன்னுட்டாராம். சாப்பாட்டுத் தட்டு வைக்க எடமில்லாம சாப்பிடவும் இல்ல. எறங்கும்போது கால் மரத்துப் போயி ரெண்டு பேரு பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. ஒங்ககிட்ட பெட்டியில வந்ததுன்னு சொல்லச் சொன்னாருப்பா."

வேதவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அந்த மனுஷர் வந்ததும் சாப்பிடக் கூப்பிடுங்க" என்றாள்.

அடுத்த வாரம் அண்ணன் கடைக்கு வந்தார். கிளாஸை வாங்கினார். கீழே வைத்தார்.

"ஒஞ் சட்டி கதையக் கேளு சேது. சிங்கப்பூர்ல பெட்டிய எறக்கறப்போ லாரி ஒண்ணு ரிவர்ஸ்ல வந்து ஏறிடுச்சு. லாரிக்கு ஆக்சில் போச்சு. அதத் தூக்க வந்த கிரேனும் பெட்டி மேல சாஞ்சுருச்சு. போலீசு, ஃபயர் இஞ்சின் எல்லாம் வந்தாச்சு. கடைசியில பெட்டியத் தொறக்கறேன். உள்ள ஒஞ் சட்டி குறட்டை விட்டுத் தூங்குது."

உத்திராபதி கண்ணாடியைத் துடைத்தார். மாசிலாமணி கூரையைப் பார்த்தார்.

"லாரியச் சொன்னேன்யா. கிரேனையும் சொன்னேன்," என்றார் அண்ணன். "என்ன, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டேங்கறீங்க?"

"கால் மரத்துப் போச்சாமே, இப்ப சரியாயிடுச்சாண்ணே?" என்றேன்.

அண்ணன் கை தானாக முழங்காலைத் தடவியது. உத்திராபதி கேட்காமலே இன்னொரு டீயை அவர் முன்னால் வைத்தார். அண்ணன் அதை மெதுவாகக் குடித்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்தார்.

"மடின்னா எம் மடி மாதிரி இருக்கணும் தம்பி. ஒரு நாளு வீட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். ஒரு யானை அந்தப் பக்கமா வந்துது. ரொம்ப தூரம் நடந்த அசதி போலருக்கு. நேரா வந்து எம் மடியில உக்காந்துருச்சு."

மாசிலாமணிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "குட்டி யானையாண்ணே?"

"குட்டி அது மடியில இருந்துதுய்யா."