ஒரு அடித் தண்ணீர்

"என் கணக்குல தப்பு எங்கே இருக்குன்னு நீங்கதான் சொல்லணும், மேடம்."

பேராசிரியர் ஜெயசீலி, தணிகாசலம் கொண்டுவந்த மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தணிகாசலம் அரசுப் பொறியாளர். ஐம்பத்து நாலு வயதாகிறது. கரியனேரி நிரம்பி வழிந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும் கணினி மாதிரியை உருவாக்கியவர். அதற்காகவே தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான ஜெயசீலியிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து ஆறு வருஷம் பாடுபட்டார்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஏரி வழிந்தது.

மாதிரி சொன்னபடிதான் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாலு அடி, ஐந்து அடி என்று சொன்ன தெருக்களில் எல்லாரையும் வெளியேற்றினார்கள். அங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை.

ஒரு அடி என்று சொன்ன மரவாடித் தெருவில் ஒரு பெண் இறந்துபோனாள்.

அன்றிலிருந்து தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. விசாரணைக் குழு அவர்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தது. அந்தக் காகிதத்தை அவர் முழுசாகப் படிக்கக்கூட இல்லை.

மதியம்வரை ஜெயசீலி எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"தப்பு இல்லை, சார்."

"நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டேன். சமன்பாடு சரி. மழையளவு சரி. ஒரு அடிதான் வருது."

"அப்ப அந்தம்மா எப்படிச் செத்துச்சு?"

ஜெயசீலி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க."

ஊரை நூறு மீட்டருக்கு நூறு மீட்டராகக் கட்டம் போட்டிருந்தார் தணிகாசலம். ஒரு கட்டத்துக்கு ஒரே தரைமட்டம். அதற்குள் இருக்கும் மேடுபள்ளத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு சராசரி. திரையில் மரவாடித் தெரு ஒரு வெளிர்நீலச் சதுரம்.

அந்தச் சதுரத்தின் ஒரு முனையில் இருவரும் ஆட்டோவை விட்டு இறங்கினார்கள்.

"நடங்க, சார்," என்றார் ஜெயசீலி. "அந்த முனை வரைக்கும்."

தணிகாசலம் நடந்தார்.

முதலில் தார்ச்சாலை. ஒரு பேக்கரி. படிக்கட்டில் ஈரம் பட்ட சுவடே இல்லை. அதைத் தாண்டி ஒரு மரக்கடை. அப்புறம் தெரு இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. கடைசியில், சாலை மட்டத்துக்கு ஓர் ஆள் உயரம் கீழே, ஓட்டு வீடு ஒன்று.

சுவரில் சேற்றுக்கோடு அவருடைய நெற்றி உயரத்துக்கு இருந்தது.

வாசலில் ஒருவர் மண்வெட்டியால் வண்டலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெயர் ஏகாம்பரம். குடிநீர் பம்ப் ஹவுஸில் வேலை.

"ஆபீஸ்லேர்ந்துங்களா?" என்று கேட்டார்.

தணிகாசலம் தலையசைத்தார்.

"எல்லாம் எழுதிக்கிட்டுப் போயிட்டாங்களே."

"எழுத வரலைங்க," என்றார் தணிகாசலம். "என்ன நடந்துச்சுன்னு..."

ஏகாம்பரம் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"என் சம்சாரத்துக்கு ஒரு பக்கம் கை கால் வராது சார். ரெண்டு வருஷமா படுக்கைதான். மைக்குல ஒரு அடி தண்ணி வரும்னு சொன்னாங்க. கட்டில் ரெண்டடி உசரம். சரி, அவ காலுகூட நனையாதுன்னு நெனச்சேன். கஞ்சி குடுத்துட்டு, வாயைத் தொடச்சு விட்டுட்டு, டூட்டிக்குப் போயிட்டேன்."

கையில் ஒட்டிய சேற்றை வேட்டியில் துடைத்தார்.

"ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தா தூக்கிட்டுப் போயிருப்பேன் சார். அக்கா வீடு மேட்டுலதான். முன்னெல்லாம் மழைன்னா அங்கதான் தூக்கிட்டுப் போவேன்."

தணிகாசலம் திரும்பி ஜெயசீலியிடம் வந்து நின்றார்.

"கட்டத்தைச் சின்னதாக்கிடறேன் மேடம். பத்து மீட்டர். முடிஞ்சா அஞ்சு. ராத்திரி பகலா உக்காந்து முடிச்சிடறேன்."

"முடிங்க, சார்."

"அஞ்சு மீட்டர் போதும்ல?"

ஜெயசீலி குனிந்து, வாசலில் கிடந்த ஒற்றைச் செருப்பைச் சேற்றிலிருந்து எடுத்தார். பெண்கள் செருப்பு. தேயவே இல்லை. அதைத் துடைத்து வாசற்படி ஓரமாக வைத்தார்.

தணிகாசலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏகாம்பரத்தின் எதிரே போய் நின்றார்.

"அந்த ஒரு அடி... அதைக் கணக்குப் போட்டுச் சொன்னது நான்தாங்க."

ஏகாம்பரம் அவரை நெடுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று தணிகாசலம் காத்திருந்தார். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"நீங்கதானா," என்றார் ஏகாம்பரம். குரல் உயரவில்லை. "மறுபடியும் புயல் வருதுன்னு டிவில சொல்றாங்க. நாளைக்கு ராத்திரியாமே. இந்தத் தடவை எவ்ளோ சார் வரும்?"

தணிகாசலத்திடம் பதில் இருந்தது. காலையில்தான் மாதிரியை ஓட்டியிருந்தார். அரை அடி. தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரைக்கும் இருந்தது.

"தெரியாதுங்க," என்றார்.

ஏகாம்பரம் உள்ளே போய்த் துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தார்.