இரண்டு கிணறு, ஒரு வேப்பமரம்

ஞானதிரவியத்துக்குத் தெரியாத விஷயமே கிடையாது. மாமனார் வீட்டில் அப்படித்தான் நம்பினார்கள், இவரும் நம்பவைத்திருந்தார். படித்த மருமகனாயிற்றே. ஆட்டுக்கு வயிறு உப்பினாலும் அவரிடம்தான் கேட்பார்கள், வங்கியில் கையெழுத்து சேரவில்லை என்றாலும் அவரிடம்தான். எதைக் கேட்டாலும் டாண் என்று பதில் வரும். ஒருமுறை அவர் சொன்ன நேரத்தை நம்பி ரயிலைத் தவறவிட்டு, குடும்பமே ஒரு கல்யாணத்துக்கு இலை எடுக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். ஐம்பதை நெருங்கும்போது ஆசை வந்து, பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். கடலோரக் கிணறுகள் ஏன் உப்பாகின்றன என்பது ஆராய்ச்சி. நெறியாளர் ஷாஜிதா அவரைவிட வயதில் ரொம்ப இளையவர். அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார்.

ஆய்வேடு கொடுத்தாயிற்று, பொது வாய்மொழித் தேர்வுக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மாமனார் வேதமாணிக்கம் குண்டைத் தூக்கிப் போட்டார். ஊரெல்லாம் கிணறு எட்டிப் பார்த்ததற்குப் பட்டமா, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம் என்று, எல்லாரும் இருக்கும்போதே கேட்டுவிட்டார். சம்பளம் கூடும், மதிப்பு கூடும் என்று மருமகன் எதையோ அடித்துவிட்டார். சொன்னதில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

மறுநாள் நெறியாளரிடம் போய் நின்றார்.

"மேடம், நெசமாவே இந்தப் படிப்பு எதுக்கு உதவும்?"

ஷாஜிதா டீயை ஆற்றிக்கொண்டே, "உங்க மாமனார் ஃபோன் நம்பர் என்ன சார்?" என்றார்.

சொன்ன நம்பரைக் குறித்துக்கொண்டு டீயைக் குடித்தார்.

பொது வாய்மொழித் தேர்வில் அரங்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். அதனால் கேட்பதற்கு ஆள் தயார் செய்துவைப்பது வழக்கம். ஞானதிரவியமும் தன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் சுடலைமணிக்கு ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒத்திகைக்காகப் பதிலையும் சொல்லியிருந்தார். அன்றைக்கு சுடலைமணி பதற்றத்தில் எழுந்து, கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் முன்வரிசையில் வேதமாணிக்கம் எழுந்தார். அவரை அழைத்து அங்கே உட்காரவைத்தது ஷாஜிதாதான்.

"மருமவனே, நம்ம தோட்டத்துல ரெண்டு கெணறு. நடுவுல ஒரு வேப்பமரந்தான். ஒண்ணு இனிக்கு, ஒண்ணு கரிக்கு. அது ஏன்?"

ஞானதிரவியம் கையிலிருந்த குறிப்புகளைப் புரட்டினார். கடற்கரை முழுக்க அலைந்த மனிதர், அந்தக் கிணறுகளில் ஒரு வாளி இறைத்துப் பார்த்ததில்லை. பாறை, கடல்நீர் என்று கேட்பதற்கு நன்றாயிருக்கும் ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. தெரியாது என்றால் பட்டம் போய்விடும். மாமனார் முன்னால் மானமும் போய்விடும். மேடத்தைப் பார்த்தார். மேடம், வந்தவர்களுக்குக் கொடுத்த பஜ்ஜியில் காகிதத்தால் எண்ணெய் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"தெரியலை மாமா," என்றார்.

தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி. எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அவ்வளவுதான், மனிதர் தேர்வையே மறந்துபோனார். இரண்டு கிணற்றின் ஆழத்தையும் அளக்க வேண்டும், மண் எந்த அடியில் மாறுகிறது என்று பார்க்க வேண்டும், மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே பலகையில் தோட்டத்தை வரைந்தார். மரம் இன்னும் தெற்கே தள்ளி என்று மாமனார் மேடைக்கே ஏறி வந்து அழித்துத் திருத்தினார். இருவரும் சாக்பீஸுக்குப் போட்டி போட்டதில், பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறேன் என்பதைத் தேர்வாளர் திரும்பவும் சொல்ல வேண்டியதாயிற்று.

தேர்வு முடிந்து நடந்த பிரியாணிப் பந்தியில் ஞானதிரவியம் நெறியாளர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனாலும் விடவில்லை.

"எதுக்கு உதவும்னு நீங்க சொல்லவே இல்லையே மேடம்?"

ஷாஜிதா கை கழுவும் இடத்தைக் காட்டினார். அங்கே வேதமாணிக்கம் காலித் தண்ணீர் பாட்டில் இரண்டை அலசிக்கொண்டிருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், நம்ம மருமவனுக்கே தெரியலையாம், நாளைக்கு ரெண்டு பேருமா சேர்ந்து பாக்கப்போறோம் என்று பெருமை தாங்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா அவருக்கு எத்தனையோ பதில் சொல்லியிருப்பீங்க. ஒரு தடவையாவது இப்படிச் சந்தோஷப்பட்டாரா சார்?"

ஞானதிரவியம் டாண் என்று பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அதில் ஒரு கவளம் பிரியாணியைப் போட்டுக்கொண்டார்.