மேற்குச் சன்னல்

மழை பெய்தால் தன்னைக் கேட்டுத்தான் பெய்தது என்று நம்பும் ராஜா ஒருவர் முன்னொரு காலத்தில் மாந்தை நாட்டை ஆண்டுவந்தார். பெயர் மாறவேள். முழங்கால் வலி கண்டதும் மகளுக்கு முடிசூட்டிவிட்டு, மிச்ச காலத்தைக் கரட்டுமலை உச்சியில் கழிப்பதென்று முடிவு செய்தார்.

"அமைச்சரே, அங்கே எனக்கொரு வீடு கட்டும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை என் கட்டிலில் வெயில் இருக்க வேண்டும். கண்ணைத் திறந்தால் பச்சை தெரிய வேண்டும்."

"கட்டலாம் மகாராஜா," என்றார் அமைச்சர் செங்கோடன். "கிழக்குச் சரிவில் சிற்றேரி ஊர். ஏரியும் வயலும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்."

அரண்மனைக் கட்டட வேலையெல்லாம் அதுவரை திருமேனிராயர் கையில் இருந்தது. அவருக்கு வயிறு எரிந்தது.

"ஏரி தெரியும், வயல் தெரியும். கூடவே சிற்றேரிக்காரன் காயப்போட்ட கோவணமும் தெரியுமே! ஊரை அப்புறப்படுத்தினால் பச்சை மட்டும் மிஞ்சும், மகாராஜா."

ராஜா சிரித்தார். "கோவணம் பார்க்கவா மலையேறுகிறேன்? அமைச்சரே, வீடு முடிவதற்குள் ஊர் காலியாகட்டும்."

செங்கோடன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அந்தக் கோவணத்தின்மேல் அமைச்சருக்கு என்ன பாசமோ?" என்றார் ராயர். சபை சிரித்தது. செங்கோடன் உட்கார்ந்துவிட்டார்.

வீடு முடிந்த அன்று, உச்சிவெயில் தாழ்ந்தபின், மூடுபல்லக்கில் ராஜா மலையேறினார். அமைச்சரும் ராயரும் கூட வந்தார்கள். வெள்ளைச் சுவர். நடுவே கட்டில். எதிரெதிரே இரண்டு சன்னல்கள் சாத்தியிருந்தன.

"திறவும்," என்றார் ஆவலாக.

செங்கோடன் ஒன்றைத் திறந்தார். ராஜா சன்னல் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரை நடுவில் வாய் பிளந்திருந்தது. வயல் இருந்த இடமெல்லாம் கருவேல முள். பறவைச் சத்தம்கூட இல்லை. வெயில் மட்டும் ஒன்றையும் விடாமல் காட்டிற்று.

அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"என்ன ஐயா இது? ஊரைத்தானே காலி செய்யச் சொன்னேன்? ஏரியை உடைத்தவன் யார்?"

"யாரும் உடைக்கவில்லை, மகாராஜா. மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையில் மண் போடுவது வழக்கம். வீடு போயிற்று, ஆளும் போயிற்று. அப்புறம் மழை பெய்தது."

ராயர் துள்ளினார். "பொய்! நேற்றுக் காலியான ஊரில் முள் ஆள் உயரத்துக்கு வளருமா? இது சூழ்ச்சி!"

"வளராதுதான்," என்றார் செங்கோடன். "இந்த முள்ளுக்கு நம் மகாராஜாவின் ஆட்சி வயது. மூங்கில் மறைத்திருந்தது. சன்னல் அகலத்துக்கு வெட்டினேன்."

ராஜா மறுபடி பார்த்தார். கரையோரம் பட்டுப்போன இலுப்பை ஒன்று, மூன்று கிளையாகப் பிரிந்து நின்றது. பட்டமேறிய வருஷம் அதில்தான் தன் குதிரையைக் கட்டினார். இந்த ஊர் இல்லாவிட்டால் நல்ல வேட்டைக்காடாகும் என்று சொன்னார். சொன்னதோடு சரி; ஆட்கள் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். அப்புறம் வேட்டைக்கு இந்தப் பக்கம் வரவேயில்லை.

"இலுப்பையூர்," என்றார். கட்டிலில் உட்கார்ந்தார்.

செங்கோடன் எதிரே இருந்த கிழக்குச் சன்னலைத் திறந்தார். கீழே சிற்றேரி அப்படியே இருந்தது. தண்ணீர், நாற்று, யாரோ ஒருத்தி மாட்டைத் திட்டும் சத்தம். கரை நெடுகக் கோவணங்கள் காற்றில் ஆடின.

ராஜா ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என் உத்தரவை மீறினீர்."

"மீறினேன். கழுத்து இங்கேதான் இருக்கிறது."

"அது இருக்கட்டும். அந்த மேற்குச் சன்னலை அடைத்துவிடும்."

"அடைக்கலாம். ஆனால் மத்தியானத்துக்குமேல் வெயில் அதன் வழியாகத்தான் வரும். பொழுது சாயும்வரை வேண்டுமென்றீர்களே."

ராஜா மெல்லத் திரும்பினார்.

"ராயரே, உமக்குக் கட்டட வேலை தெரியுமல்லவா?"

"அத்துப்படி, மகாராஜா!"

"அந்தக் கரையைக் கட்டும். இலுப்பையூர்க்காரர்கள் எங்கே போனார்களோ, நீரே தேடிப்போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வாரும். என் பெயரைச் சொல்லிக் கேளும். அவர்களோடு நீரும் மண் சுமக்க வேண்டும்."

ராயர் தன் பட்டு அங்கவஸ்திரத்தைப் பார்த்தார். "இந்த உடையோடா?"

"அழுக்காகும். கோவணம் கட்டிக்கொள்ளும். நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்."

செங்கோடனிடம் சொன்னார்: "மகளுக்குச் சொல்லி அனுப்புகிறேன். இனி நீர் வாயெடுத்தால் சபை சிரிக்காது."

எல்லோரும் மலையிறங்கினார்கள். ராஜா எழுந்திருக்கவில்லை. மேற்குச் சன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து, தரையில் நகர்ந்து, கட்டிலேறி அவர் மடியில் விழுந்தது. அவர் கேட்டபடியேதான் வந்தது.