கரிச்சானின் துடுப்பு வால்

பறவை பேசியது மனிதருக்கும், மனிதர் பேசியது பறவைக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், மேற்கு மலைச் சோலையில் ஒரு கரிச்சான் இருந்தது. உடம்பெல்லாம் மின்னும் கறுப்பு. வாலில் இரண்டு நீள இறகுகள், அடி முதல் நுனி வரை அகலமானவை. அறுப்பு முடிந்ததும் சமவெளி மக்கள் பறவை பார்க்க மலையேறுவார்கள். கரிச்சானின் வாலைப் பார்க்காமல் யாரும் இறங்குவதில்லை. குரல்தான் அதற்கு வாய்க்கவில்லை. கரகரவென்று ஒரே ஒரு கத்தல். வால் இருக்கும்போது குரல் எதற்கு என்று அதுவும் இருந்துவிட்டது.

ஓர் ஆண்டு சடையனும் அவன் மனைவி ஒச்சம்மாவும் வந்தார்கள். ஒச்சம்மாவின் கண்ணில் வெகுநாளாகப் புகை படிந்துகொண்டிருந்தது. முழுக்க இருட்டுவதற்குள் ஒரு தடவை மலைக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் ஒவ்வோர் அறுப்புக்கும் அடுத்த வருசம் என்று தள்ளிப்போட்டான். இப்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் ஏற முடிந்தது.

ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்தார்கள். கரிச்சான் எதிர்க்கிளைக்கு வந்து வாலை விரித்தது.

"என் வாலைப் பார்த்தாயா?"

"பார்க்க முடியலை சாமி. நேரங்கழிச்சு வந்துட்டேன்," என்றாள் ஒச்சம்மா. "இங்கே அத்தனை பறவை இருக்குங்கிறாங்க. ஒரு சத்தமும் கேட்கலையே?"

"ஆள் நடமாட்டம் தெரிந்தால் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும்."

"போன வருசமே கூட்டி வந்திருக்கணும்," என்றான் சடையன்.

"அதை விடுங்க. கொஞ்ச நேரம் இருந்துட்டு இறங்கிடுவோம்."

கரிச்சானுக்கு என்னவோ போல் இருந்தது. தன்னிடம் இருப்பது அவளுக்கு உதவாது. அவளுக்கு வேண்டியது தன்னிடம் இல்லை. "பொழுது சாயும்வரை இருங்கள்," என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

மலைமைனாவிடம் போய், "உன் குரலைச் சொல்லிக்கொடு," என்று கேட்டது.

"என் குஞ்சுகள் குளிரில் நடுங்குகின்றன. உன் வாலிறகில் கொஞ்சம் கொடு, கூட்டில் மெத்தை போடுகிறேன்."

கரிச்சான் தன் வாலை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு அடியிலிருந்து இழைகளைத் தானே அலகால் உருவிக் கொடுத்தது. கொண்டைக்குருவியும் குரலுக்கு இறகு கேட்டது, தேன்சிட்டும் கேட்டது. குக்குறுவான் மட்டும், "என் பொந்துக்கு மெத்தை கிடையாது, சும்மாவே கற்றுக்கொள்," என்றது. வெயில் தாழ்ந்தபோது இறகுகளில் கம்பி போல் நடுத்தண்டுதான் நின்றது. நுனியில் கொஞ்சம் மிச்சம். அதையும் இன்னொரு பறவைக்குக் கொடுக்கப் போனபோது, சடையன் ஒச்சம்மாவைக் கைபிடித்து எழுப்புவது தெரிந்தது. அப்படியே திரும்பிவிட்டது.

ஒச்சம்மாவின் தலைக்கு மேல் உட்கார்ந்து மைனாவாகப் பேசியது. தேன்சிட்டாகக் கீச்சிட்டது. குக்குறுவானாகக் குட்ரூ குட்ரூ என்றது. தம் இனத்தின் குரல் கேட்டு, ஒளிந்திருந்த பறவைகளும் ஒவ்வொன்றாக வந்து பாடத் தொடங்கின. ஒச்சம்மா அசையாமல் நின்றாள்.

"முதல்லே பாடினது யாருங்க?"

"கரிச்சான்தான் புள்ள. அதோட வாலு..." என்றான் சடையன்.

அவள் கையை நீட்டினாள். கரிச்சான் வந்து மணிக்கட்டில் உட்கார்ந்தது. வெறுந்தண்டு வழியே விரலை ஓட்டி நுனியைத் தொட்டாள்.

"இதைத்தான் காலையிலே பார்க்கச் சொன்னியா?"

"இல்லை. அது வேறு வால்."

அந்த நுனியை வெகுநேரம் விரல்களுக்குள் வைத்திருந்தாள். "இது எனக்கு நல்லாத் தெரியுது," என்றாள்.

அன்று முதல்தான் கரிச்சானின் வால் நடுவில் வெறுந்தண்டாகவும் நுனியில் துடுப்பாகவும் ஆனது. சோலையில் எந்தக் கிளையிலிருந்து அது குரல் கொடுத்தாலும், பல இனப் பறவைகள் தங்களைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வந்து கூடுவதும் அன்று முதல்தான்.