ஆவுடையப்பன் ஒட்டிய சைடு கவர்

பாளையங்கோட்டையில், மெக்கானிக் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், ஜெசிந்தா உடைந்த பிளாஸ்டிக்கை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புது வண்டிக்கு எந்தப் பாகமும் கடையில் கிடைக்கும். கிடைக்காத பழைய வண்டிகளின் ஹெட்லைட்டை மூடும் டூம், சைடு கவர், மீட்டர் கூடு எல்லாம் அவளிடம் வரும். அவளுக்கு வயது முப்பத்தொன்று.

ஒரு திங்கட்கிழமை ஆவுடையப்பன் வந்தார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்துநான்கு. பழைய துண்டு ஒன்றில் எதையோ சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிரித்தார். கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பைக்கின் சைடு கவர். ஐந்து துண்டுகளாக இருந்தது.

“ஒட்ட முடியுமாம்மா?”

அவள் துண்டுகளை மேசைமேல் பொருத்திப் பார்த்தாள்.

“முடியும் அண்ணாச்சி. வியாழக்கிழமை வாங்க.”

“நீ ஒட்ட வேண்டாம். எனக்குச் சொல்லிக் கொடு. நான் ஒட்டுதேன்.”

“எதுக்கு?”

“நான்தான் ஒட்டணும்.”

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் துண்டுகளைப் பார்த்தாள்.

“எப்படி உடைஞ்சுது?”

“வண்டி சாஞ்சு விழுந்துட்டு.”

அவள் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். எல்லாவற்றையும் மறுபடி துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தாள். மூலையில் இருந்த சாக்கைக் கவிழ்த்து, விரிசல் விட்ட ஒரு மட்கார்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“நாளைக்கு வாங்க. முதல்ல இதுல பழகுங்க.”

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தார். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள். விரிசலின் இரண்டு ஓரத்தையும் கத்தியால் சுரண்டச் சொன்னாள்.

“ஒட்டத்தானே வந்தேன். நீ இன்னும் அகலமாக்கச் சொல்லுதியே?”

“மேலாப்புல ஒட்டினா மேலாப்புலதான் பிடிக்கும் அண்ணாச்சி. சுரண்டுங்க.”

அவர் சுரண்டினார். விரிசல் மேலும் ஓடாமலிருக்க, அது முடியும் இடத்தில் சின்ன ஓட்டை போடச் சொன்னாள். போட்டார். சூடு வைத்ததும் விரிசல் அந்த ஓட்டையைத் தாண்டி ஓடியது.

“நீங்க போட்டது முடியிற இடத்துல இல்ல” என்றாள். சாக்பீஸ் பொடியைத் தேய்த்துத் துடைத்துக் காட்டினாள். மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு இன்னும் இரண்டு விரற்கடை நீளத்துக்குப் போயிருந்தது.

காலம் முழுவதும் நிலத்தில் எல்லைக்கல் தேடிய மனிதர் அவர். அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடான இரும்பைப் பிடிக்கவும், அதே பிளாஸ்டிக்கில் நறுக்கிய குச்சியை உருக்கி இறக்கவும், உள்பக்கம் கம்பி வலை பதிக்கவும் கற்றார். விரல்கள் இரண்டு முறை சூடு பட்டுக் கொப்பளித்தன. மூன்றாவது வாரம் மட்கார்டு ஒரே பொருளாக ஆனது. ஜெசிந்தா அதை முழங்காலில் வைத்து வளைத்தாள். ஒட்டு விடவில்லை.

“இனி என்னோடத எடுக்கலாமா?”

“எடுக்கலாம். எப்படி உடைஞ்சுதுன்னு சொன்னீங்க?”

“அதான் சொன்னேம்லா. விழுந்துட்டு.”

அவள் சாக்கிலிருந்து ஒரு டூமை எடுத்துக் கொடுத்தாள்.

டூம் ஐந்து நாளில் முடிந்தது. அவர் மறுபடி கேட்டார். அவளும் அதையே கேட்டாள். அவரும் அதையே சொன்னார். இந்த முறை ஒரு மீட்டர் கூடு வந்தது.

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார்.

“எனக்கு வேலை படிஞ்சாச்சு. இன்னும் எத்தனை ஒட்டணும்?”

“சாக்குல நிறைய இருக்கு அண்ணாச்சி.”

அவர் மீட்டர் கூட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

“சுத்தியலால அடிச்சேன்.”

அவள் ஷட்டரை முழுதும் தூக்கிவிட்டுத் திரும்பினாள். “உள்ள வாங்க” என்றாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். ஒரே மகள், வடிவு. அந்த வண்டியில்தான் ஓட்டப் பழகினாள். காலேஜுக்கும், பிறகு வேலைக்கும் ஆறு வருஷம் அதில்தான் போய்வந்தாள். ஒருநாள் தனக்குப் பிடித்த பையனைச் சொன்னாள். அவர் முடியாது என்றார். ஒரு மாசம் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் வண்டிச் சாவியை டிவிமேல் வைத்துவிட்டு பஸ்ஸில் போய்விட்டாள்.

“சாவிய வச்சிட்டுப் போனதுதான் எனக்குத் தாங்கல. எடுத்துட்டுப் போயிருந்தாக்கூட என்னத்தையோ கொண்டுபோயிருக்கான்னு இருந்திருக்கும். ஒண்ணும் வேண்டாம்னுட்டாளேன்னு தோணிச்சு. சுத்தியல எடுத்தேன்.”

“பிறகு?”

“ஏழு வருஷம் ஆச்சு. துண்ட எல்லாம் எம் பொண்டாட்டி செண்பகம் பொறுக்கி எடுத்து வச்சிருக்கா. இப்ப அவ எடுத்துத் தர வரைக்கும் எனக்கே தெரியாது. ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குப் போற நேரத்துல அவளும் மகளும் போன்ல பேசுவாங்க. அது மட்டும் தெரியும். சீக்கிரமே திரும்பி வந்து வாசல் கேட்டுக்கு வெளிய நின்னு கேப்பேன். போன மாசம் செண்பகம் சொல்லுதா, ‘இருக்கு, பின்கட்டுலதான் நிக்கு’ன்னு. வண்டி இருக்கான்னு வடிவு கேட்டிருக்கா.”

கொப்பளித்த விரலைத் தேய்த்தபடி சொன்னார். “என்னைக் கேக்கல.”

ஜெசிந்தா அலமாரியிலிருந்து துண்டை எடுத்து அவர் முன்னால் பிரித்தாள்.

“கீழ விழுந்தா ஓரத்துல இருந்து கீறல் விடும். இது நடுவுல ஒரு புள்ளியில இருந்து நாலா பக்கமும் போயிருக்கு.”

அவர் நிமிர்ந்தார். “அப்ப முதல் நாளே உனக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியும் அண்ணாச்சி.”

கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் நடுவிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு விரிசலாக, ஒவ்வொரு முனையாகத் தேடிப் போனார். அவள் அருகில் வரவில்லை. பத்து நாளில் ஐந்து துண்டும் ஒன்றாயின. அதற்குள் பக்கத்துக் கடை மெக்கானிக் செய்யது வண்டியை வரவழைத்து எஞ்சினைப் பார்த்து முடித்திருந்தார். வண்டி கடை வாசலில் நின்றது. வலது பக்கம் மட்டும் பேட்டரி வெளியே தெரிந்தது.

ஆனால் ஆவுடையப்பன் கவரை மாட்டவில்லை. ஒட்டிய கோடுகள் மறையப் பட்டி பூசினார். உப்புத்தாளால் தேய்த்தார். பெயிண்ட் அடித்தார். காய்ந்ததும் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

“கோடு தெரியுது.”

மறுபடி தேய்த்தார். மறுபடி அடித்தார். ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போயிற்று. தெருக்காரர்கள் வந்து பார்த்து, “கோடா? எங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் விரலை வைத்துக் காட்டுவார்.

ஒரு நாள் காலை, நான்காவது முறையாகப் பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் கேட்டார்.

“அவ வந்து பாத்தா இந்தக் கோடு தெரியுமாம்மா?”

“வாரேன்னு சொன்னாங்களா?”

“இல்ல.”

“வரச் சொல்லி நீங்க சொன்னீங்களா?”

“இல்ல. வண்டி முழுசா இருக்குன்னு தெரிஞ்சா வருவாள்லா? செண்பகம் சொல்லுவா. வண்டியப் பாக்கவாவது வருவா.”

“எந்த ஊர்ல இருக்காங்க?”

“கோவில்பட்டி.”

“எவ்வளவு தூரம் இருக்கும்?”

“எங்க வீட்டு வாசல்ல இருந்து அவ வீட்டு வாசலுக்கு அறுபத்து மூணு கிலோமீட்டர்.”

ஜெசிந்தா கையிலிருந்த இரும்பைக் கீழே வைத்தாள். “வாசல் வரைக்கும் எப்படித் தெரியும்?”

அவர் தேய்ப்பதை நிறுத்தினார்.

“ரெண்டு தடவ பஸ்ல போனேன். எதுத்தாப்புல ஒரு வேப்ப மரம். அதுக்கடியில நின்னேன். மாடியில துணி காயப் போட்டிருந்தது. ரெண்டாவது தடவ போனப்ப அந்தக் கொடியில சின்னதா ஒரு யூனிபார்ம் கெடந்துச்சு. நீலக் கவுன். இம்புட்டுதான் இருக்கும்.”

கையைத் தன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே பிடித்துக் காட்டினார். கை அங்கேயே நின்றது.

“பிள்ள பேர் என்னன்னு செண்பகத்துக்குத் தெரியும். நான் கேட்டதில்ல.”

ஜெசிந்தா வந்து அவர் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கிக்கொண்டாள்.

“கவரை மாட்டுங்க.”

“பெயிண்ட் இன்னும்...”

“மாட்டுங்க அண்ணாச்சி.”

அவர் மாட்டினார். மூன்று திருகாணி. கடைசித் திருகாணியை முறுக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. தேய்த்த இடத்தில் நிறம் வெளிறி, நடுவிலிருந்து நாலா பக்கமும் போன கோடுகள் நன்றாகவே தெரிந்தன.

“ஸ்டார்ட் பண்ணுங்க.”

மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. இப்போது எங்கும் கேட்காத பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் சத்தம் தெருவை நிறைத்தது. எதிர்க்கடையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். டீக்கடையில் இருவர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் வண்டியை அணைத்தார். ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது.

“போயிருவேம்மா. வண்டி போயிரும். வாசல்ல போய் நின்னு பெல் அடிச்சு, அவ கதவத் திறந்தா நான் என்ன சொல்ல? ‘வடிவு’ன்னு கூப்பிட்டு ஏழு வருஷம் ஆச்சு. எனக்கு நாக்கு எழும்பாது.”

ஜெசிந்தா கரித்துணியில் கையைத் துடைத்தாள்.

“பெல் அடிக்காதீங்க அண்ணாச்சி. இந்தச் சத்தம் அவங்களுக்குத் தெரியும். வாசல்ல வண்டிய ஆஃப் பண்ணாம நில்லுங்க.”